கறுப்பு டேப்புக்கு அடியில்

படம் மங்கல். யாரோ ஓடிக்கொண்டே எடுத்தது.
தீலென் அதை நீட்டியபோது
மாரிபோர் பேக்கரியில் இரவு மூன்று மணி,
மாவு பொங்க இன்னும் நாற்பது நிமிடம்.

ஃபிரேமில் பெயர் எழுதிய இடமெல்லாம் கறுப்பு டேப்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்களாம்.
பார், முன்பு நின்றுகொண்டிருந்த ஷாக்
இப்போது மேல்குழாய்க்கு அடியில் படுத்துக் கிடக்கிறது.
முன்பக்கம் சாய்ந்திருக்கிறது, ஒரு பாகை,
இல்லை, ஒன்றரை.
ரொட்டி அளக்கும் அளவுகோலைத் திரைமேல் வைத்தோம்.
அது விட்டுப்போன ஒரு துளி மாவைக்கூடக்
கொஞ்ச நேரம் புது போல்ட் என்று நம்பினோம்.

என்னுடையது ஆறு வயதுச் சைக்கிள்.
ஏற்றத்தில் ஆடு மாதிரி, குறை சொல்ல முடியாது.
இறக்கத்தில் என்னைத் தலைகீழாகக் கவிழ்க்கப் பார்க்கும்;
பின்சக்கரத்தின் மேல் வயிற்றைக் கிடத்தித்தான்
இதுவரை பிழைத்திருக்கிறேன்.
பின்கையின் பேரிங்கில் ஒரு கீச்சு,
எந்தக் கிரீஸுக்கும் மசியாதது.
தண்ணீர் பாட்டில் ஒன்றுக்குத்தான் இடம்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை.
சக்கரம் அமுங்க இன்னும் இரண்டு சென்டிமீட்டர் கொடுங்கள்.
பிரேக் வயரை மட்டும் ஹேண்டில் கழுத்துக்குள் விட்டுவிடாதீர்கள்,
ஒரு பேரிங் மாற்ற வண்டியையே அறுவை செய்யவேண்டி வரும்.
எடை கூடினால் கூடட்டும்.
கிராம் கணக்கை நான் உப்பில் பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச்சில் வரும் என்றார்கள்.
பிறகு, பனி உருகியதும்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
'இதற்குள் ஒரு பிள்ளையே பெற்றுவிடலாம்'
என்றாள் தீலெனின் மனைவி ஊர்ஷ்கா.
ஜூலையில் பெற்றும்விட்டாள்.
ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அவன் என்னிடம் கேட்டது:
பின் அச்சு மாறியிருக்குமா?

ஆகஸ்ட். போஹோர்யே காட்டில் பந்தயம்.
விடியற்காலையிலிருந்து மழை,
ஸ்ப்ரூஸ் வேர்கள் சோப்புத் தடவியது போல.
மூன்றாவது சுற்று, நான் முப்பத்தொன்றாவது ஆள்.
பனிச்சறுக்கு லிஃப்ட்டின் தூண் அருகே
டேப் சுற்றிய அதே சைக்கிள்.
பக்கத்தில் ப்ரினா, முழங்கால் வரை சேறு,
கம்பெனிக்காகச் சோதித்து ஓட்டுகிறவள்.
கியரைத் தாங்கும் அந்தச் சின்ன அலுமினியக் காது
ஒடிந்து தொங்கியது.

'நீயும் இதே பிராண்ட்தானே? உபரி இருக்கிறதா?'

இருந்தது. ஆறு வருடமாக சீட்டுக்கடியில் ஒட்டியே இருந்தது.
இறங்கினேன்.
முப்பத்தொன்று முப்பத்தாறானது, நான் பார்க்கவில்லை.
மண்டியிட்டு, கைநடுங்க, காதைக் காதிடத்தில் வைத்தேன்.
மழை டேப்பின் ஓரத்தை உரித்திருந்தது,
உள்ளே ஈரப்பச்சை, பாசியின் பச்சை.
துளை துளைக்கு நேரே வரவில்லை.
திருப்பினேன். வரவில்லை.

'இது பொருந்தாது, புதுசில் மாற்றி...'
என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எனக்குக் கிடைத்த ஒரே அறிவிப்பு அதுதான்.
வீட்டில் டப்பா நிறைய உதிரிகள்
அந்த நொடியில் கிழடாகின.

அவள் வண்டியைத் தோளில் ஏற்றினாள்.
அப்போதுதான் எண்ணினேன்:
ஒன்று. இரண்டு.
இரண்டு பாட்டில்.
இரண்டாவதை உருவி என் கையில் திணித்து
'எனக்கு இனி எதற்கு' என்றாள்.

வைக்க இடமில்லை என் வண்டியில்.
சட்டைக்குள் போட்டுக்கொண்டு
செங்குத்தான பாறையில் இறங்கினேன்,
பின்சக்கரத்தின் மேல் வயிறு,
வயிற்றில் அந்தப் பாட்டிலின் குளிர்,
கீழே கீச்சு கீச்சு என்று
எதுவும் தெரியாத என் சைக்கிள்.